ஐஸ்காரர் வீட்டு மூன்றாம் நாள்

"ரத்தத்தை ஐஸ்ல வச்சுத்தான் எடுத்துட்டுப் போகணும்" என்றாள் நர்ஸ். "சும்மா கொண்டு போனா எதிர்ல லேப்ல வாங்க மாட்டாங்க. எங்க ஃபிரிட்ஜ் நேத்தே படுத்துடுச்சு. பக்கத்துல எங்கயாவது ஐஸ் கிடைக்குமான்னு பாருங்க."

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துப் பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை பெற்று மூன்றாம் நாளான சின்னவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். அவளை ஒட்டி அவளுடைய அக்கா, பெரியவள். தாய் போன பிறகு தங்கையை வளர்த்து ஆளாக்கிக் கட்டிக்கொடுத்தவள். அதனால் அந்தக் குடும்பத்தில் எந்தப் பேச்சுக்கும் கடைசிச் சொல் அவளுடையது. பெஞ்சின் மறுகோடியில், நடுவே இரண்டு ஆள் உட்காரும் இடம் விட்டு, சின்னவளின் புருஷன். ஐஸ் ஃபாக்டரி வேலையை விட்டு நாலு வருஷமாகிறது. இப்போது சிமென்ட் கடையில் மூட்டை தூக்குகிறார். ஆனாலும் தெருவில் அவருக்குப் பேர் ஐஸ்காரர்தான். வேலையை விட்டால் பேரும் கூடவே விட்டுப் போகிறதா என்ன?

ஐஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் மனிதர் எழுந்து நின்றார். நாலு வருஷத்தில் அவர் எதற்கும் இப்படிச் சட்டென்று எழுந்து சின்னவள் பார்த்ததில்லை.

"கட்டியாவா, உடைச்சதா?"

"உடைச்சதுதான். ஒரு ஃபிளாஸ்க் போதும்."

"கொஞ்சம் தண்ணியும் கலந்து வைக்கணும்மா. வெறும் ஐஸ் மேல பட்டா ரத்தம் உறைஞ்சு கெட்டுடும்."

நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க லேப்ல வேலை பார்த்தீங்களா?"

"இல்லம்மா. ஐஸைத் தெரியும்" என்றவர், ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

எங்கே போகிறார் என்று சின்னவளுக்குத் தெரியும். அந்த ஊருக்கு ஐஸ் ஃபாக்டரி ஒன்றுதான்.

பதினோரு வருஷம் அங்கே மெஷின் பார்த்தவர் அவர். உப்புத் தண்ணீர் நிறைந்த பெரிய தொட்டி. அதில் வரிசையாக இறக்கிய தகரக் கேன்கள். கேனில் ஊற்றிய தண்ணீர் மறுநாள் பார்த்தால் ஒரு ஆள் தூக்க முடியாத கட்டியாகியிருக்கும். சங்கிலி மாட்டித் தூக்கி வெந்நீர்த் தொட்டியில் ஒரு முக்கு முக்கினால் கட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். இத்தனை குளிரையும் கொடுப்பது குழாய்களுக்குள் ஓடுகிற அம்மோனியா. அது ஊசிமுனை அளவு கசிந்தாலும் கண் எரியும், மூக்கைப் பிய்த்துக்கொண்டு போகும். கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கக் கந்தகத் திரியைக் கொளுத்திக் குழாயோரமாகக் கொண்டு போவார்கள். கசிகிற இடத்தில் புகை வெள்ளை வெளேரென்று திரண்டு நிற்கும். மற்றவர்கள் திரியைத் தேடுவதற்குள் இவர் மூக்கு இடத்தைச் சொல்லிவிடும். "உனக்கு மூக்கை நாய்கிட்ட கடன் வாங்கி வச்சிருக்கான்டா கடவுள்" என்பாராம் முதலாளி. அதை ஏதோ பட்டம் வாங்கின மாதிரி வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பெல்லாம் மூத்த பிள்ளை பிறக்கும் வரைக்கும்.

மூத்தவன் நன்றாகப் பிறந்தான், நன்றாக அழுதான், நன்றாகக் குடித்தான். மூன்றாம் நாள் பால் குடிப்பதை விட்டான். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. ஓடி வந்தவனைப் போல மூச்சு வாங்கினான். தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சின்ன வயசு டாக்டர் ஒருவர் ரத்தச் சீட்டை மூன்று தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரத்தத்துல அம்மோனியா ரொம்ப ஏறியிருக்கு" என்றார். ஏன் ஏறியது என்று அவருக்கும் தெரியவில்லை. தேடிப் பார்க்கப் பிள்ளையும் நேரம் கொடுக்கவில்லை.

"அம்மோனியாவா?" என்று முதலில் கேட்டது பெரியவள்தான். "டாக்டர், இவ வீட்டுக்காரருக்கு அம்மோனியாவுலதான் வேலையே. ஐஸ் ஃபாக்டரி."

டாக்டர் "ஓ" என்றார்.

அவ்வளவுதான். அந்த ஒரு 'ஓ'வை வைத்துக்கொண்டு நாலு வருஷம் ஓட்டிவிட்டார்கள்.

"ஃபாக்டரித் துணியோட வந்து புள்ளையைத் தூக்கினா வேற என்ன ஆகும் மாப்ள?" என்றாள் பெரியவள், பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்த கால் ஈரம்கூடக் காயாத போது.

அவர் ஒரே ஒரு தரம் வாய் திறந்தார். "என் மேல இருந்தா என் மூக்குக்குத் தெரியாதா அக்கா? நாள் பூரா அதுக்குள்ள நிக்கற எனக்கு ஒண்ணும் ஆகல. வீட்ல இருக்கற புள்ளைக்கு எப்படி ஏறும்?"

"நீங்க கல்லு மாதிரி நிக்கறீங்க. அது பச்சை மண்ணு."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. செத்துப்போன பிள்ளைக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. கைக்கு எட்டுகிற தூரத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

சின்னவள் வேலையை விடச் சொன்னாள், விட்டார். ஃபாக்டரி இருக்கும் பக்கத்துக் காற்றே வேண்டாம் என்று ஊரின் மறுகோடியில் வீடு பார்த்தாள். சாமான்களைத் தலையில் சுமந்து வந்து இறக்கினார். பழைய சட்டைகளை எரித்தாள். தீப்பெட்டியைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அவள் போகிற இடமெல்லாம், குழாயடியில், காய்கறிக்கடையில், சொந்தக்காரர் வீடுகளில், கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லோரிடமும் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் கொண்டு வந்த அம்மோனியாதான் என் புள்ளையைத் தின்னுடுச்சு." சொல்லச் சொல்லக் கொஞ்சம் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. இறங்கின பாரம் யார் தலையில் ஏறியது என்று அவள் பார்க்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் அதை யார் கேட்பது?

இரண்டாவதும் ஆண். இந்தத் தடவை அவரை அறைக்குள்ளேயே விடவில்லை. வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "மூக்கு உன்னை மாதிரி" என்றார். "நல்லவேளை" என்றாள் அவள். அந்த வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் விடியும்போது பிள்ளை பால் குடிக்கவில்லை.

"சன்னலைத் திறடி" என்றாள் பெரியவள். "அவர் உடம்புல ஊறிப்போனது நாலு வருஷத்துல போயிடுமா? பாலைக் குடு. பால் விஷத்தை முறிக்கும். நிறையக் குடு."

சின்னவள் பாலைப் பீச்சி ஸ்பூனில் எடுத்துக் கடைவாயில் ஊற்றினாள். வழிந்ததைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஊற்றினாள். ஒன்பது மணி வரைக்கும் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

இப்போது ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவர் ஃபிளாஸ்க்கோடு திரும்பி வந்தார். வேர்த்துக் கொட்டியது. முகத்தில் பழைய களை கொஞ்சம் தெரிந்தது. "பாரு, மிளகு மிளகா உடைச்சுக் கொண்டாந்திருக்கேன். முதலாளியே எடுத்துக் கொடுத்தாரு" என்றார். நர்ஸ் ரத்தக் குப்பியைக் காகிதத்தில் சுற்றி உள்ளே வைத்து மூடினாள். "உள்ள போய் சீட்டுல கையெழுத்துப் போட்டுட்டு, உடனே எதிர் லேபுக்குக் கொண்டு போயிடுங்க. கால் மணி நேரத்துக்குள்ள போகணும்."

"அஞ்சு நிமிஷம் கையில வச்சுக்கோ" என்று அவர் ஃபிளாஸ்க்கைச் சின்னவள் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

பெரியவள் குனிந்து தங்கையின் காதோரம் சொன்னாள். "ஏண்டி, இது எந்த ஐஸு?"

"அங்க இருந்துதான்."

"அம்மோனியாவுல செஞ்ச ஐஸ்லயா அம்மோனியாவைப் பார்க்கற ரத்தத்தை வைக்கறது? இருக்கறது போதாதுன்னு இதுவும் சேர்ந்து ஏறும். அப்புறம் அந்தக் கணக்கைப் பார்த்துட்டுப் புள்ளை பிழைக்காதுன்னு கையை விரிச்சுடுவாங்க."

சின்னவள் மடியிலிருந்த ஃபிளாஸ்க்கைத் தூக்கினாள். எழுந்து போய்க் கைகழுவும் தொட்டியில் ஃபிளாஸ்க்கைக் கவிழ்த்தாள். ஐஸ் கலகலவென்று விழுந்தது. குப்பியை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். ஃபிளாஸ்க்கின் உள்பக்கத்தையும் சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்தாள். குப்பியைத் திரும்ப வைத்து மூடினாள். அவர் வந்து வாங்கிக்கொண்டு எதிர்ச் சாரிக்கு ஓடினார். பிள்ளைக்கு நல்லது செய்துவிட்டோம் என்றுதான் அவள் நினைத்தாள். அதை எழுதவே எனக்குக் கை வரவில்லை. ஆனால் அப்படித்தான் நினைத்தாள்.

அவர் திரும்பி வந்தபோது முகம் வேறாக இருந்தது.

"வாங்க மாட்டேன்னுட்டாங்க. மறுபடி எடுக்கணுமாம்."

"ஏன்?"

"ஐஸ் பத்தலையாம்."

பிள்ளைக்கு நரம்பு கிடைக்கவில்லை. குத்திக் குத்திப் பார்த்து, வேறு ஆளை வரவழைத்து, மறுபடியும் ரத்தம் எடுக்க மூன்று மணி நேரம் ஆனது. அவர் இன்னொரு தரம் ஃபாக்டரிக்குப் போய் வந்தார். இந்தத் தடவை ஃபிளாஸ்க்கை யார் கையிலும் கொடுக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஒரு மணி நேரத்தில் சீட்டு வந்தது. பார்த்த டாக்டர் ஓடி வந்து, பாலை நிறுத்து, ஒரு சொட்டுக் கூடாது என்று கத்தினார். ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷினில் பிள்ளையைப் போட்டார்கள். பிள்ளையை விடக் குழாய்தான் பெரிதாக இருந்தது. பிறவி நோய்களுக்கென்று அங்கே ஒரு டாக்டரம்மா. கழுத்து வரை மூடின கோட்டு, காலில் ரப்பர் செருப்பு. ஒரு காகிதத்தை எடுத்துச் சதுரமும் வட்டமுமாகப் போட ஆரம்பித்தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்.

"உங்க அம்மா பக்கத்துல சின்ன வயசுல இறந்துபோன ஆம்பளைப் புள்ளைங்க உண்டா? பிறந்து ஒரு வாரத்துக்குள்ள?"

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். வீட்டுப் பழங்கதையெல்லாம் அக்காவிடம்தான் இருந்தது.

"இல்லை" என்றாள் பெரியவள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. உங்களுக்கு? உங்க அம்மாவுக்கு?"

"அதான் இல்லைன்னு சொல்றேனே. எனக்கு ஒரே பொண்ணு. எங்க அம்மாவுக்கு நாங்க ரெண்டே பேரு."

"நீங்க ரெண்டு பேரும் கறி, முட்டை, பருப்பெல்லாம் நல்லா சாப்பிடுவீங்களா?"

"எங்க ரெண்டு பேருக்குமே ஆகாது" என்றாள் சின்னவள். "சின்னதுலேருந்தே. தின்னா தலைவலி மண்டையைப் பிளக்கும். எங்க அம்மாவுக்கும் அப்படித்தான். அக்கா பொண்ணு இன்னும் மோசம், முட்டையைப் பார்த்தாலே ஓடுவா. இவருதான் கிண்டல் பண்ணுவாரு, பொண்ணு எடுத்தேனா முயல் எடுத்தேனான்னு."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. நாலு வட்டங்களுக்குள் மெல்லப் புள்ளி வைத்தாள். "அக்கா பொண்ணு இப்ப என்ன பண்றாங்க?"

"அவளுக்கு என்ன, அவ நல்லா இருக்கா" என்று பெரியவள் எழுந்துவிட்டாள். "புள்ளை அங்க சாகக் கிடக்குது, இங்க நாங்க தின்னதையும் திங்காததையும் கேட்டுக்கிட்டு."

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு மெஷினை நிறுத்தினார்கள்.

ஆறு வாரம் கழித்து முடிவு வந்திருக்கிறது என்று டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினாள். சின்னவளும் ஐஸ்காரரும் போனார்கள். அவர் வழக்கம்போல நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.

"நம்ம எல்லார் உடம்புலயும் அம்மோனியா உண்டாகும்" என்றாள் டாக்டரம்மா. "பால், பருப்பு, முட்டை எது செரிச்சாலும் கடைசியில அது மிஞ்சும். நம்ம ஈரல் அதை மாத்தி மூத்திரத்துல அனுப்பிடும். அந்த வேலையைச் செய்யற ஒண்ணு உங்க பையனுக்குப் பிறப்புலயே இல்லை. அம்மா வழியா வர்றது இது. அம்மாவுக்குப் பாதி வேலை செய்யும், அதனால சமாளிச்சுடுவாங்க, தலைவலியோட போயிடும். ஆம்பளைப் புள்ளைக்கு வந்தா முதல் வாரமே இப்படி ஆயிடும்."

ஐஸ்காரர் தொண்டையைச் செருமினார். "அம்மா, ஒரு சந்தேகம். நான் முன்னாடி ஐஸ் ஃபாக்டரியில இருந்தேன். அம்மோனியா வாயு. அது என் துணியில ஒட்டி..."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. யார் சொன்னது உங்களுக்கு?"

 டாக்டரம்மா கேட்டுவிட்டுத் தன்போக்கில் ஃபைலைப் புரட்டினாள். "இன்னும் கொஞ்சம் சீக்கிரம் தெரிஞ்சிருக்கலாம். முதல் ரத்தம் வீணாப் போயிருக்கு. இதோ எழுதியிருக்காங்க: ஐஸ் வழியிலேயே உருகிவிட்டதாகத் தகப்பனார் சொன்னார்."

சின்னவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ஃபாக்டரியில் பதினோரு வருஷம் இருந்தவர். ஒரு ஃபிளாஸ்க் ஐஸ் எதிர்ச் சாரிக்குப் போவதற்குள் உருகாது என்று தெரிந்தவர். உருகினாலும் தண்ணீராவது இருக்கும் என்று தெரிந்தவர். மூடியைத் திறந்தபோதே, காய்ந்து கிடந்த உள்பக்கத்தைப் பார்த்தபோதே, அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மூணு மணி நேரம் இருந்திருந்தா பிழைச்சிருப்பானா?" என்று கேட்டாள். குரல் அவளுடையது போலவே இல்லை.

"சொல்ல முடியாதும்மா. பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஆனா குடும்பத்துல இப்படி நடந்திருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா பிறந்த அன்னைக்கே பார்த்திருக்கலாம். பால் கொடுக்காம மருந்து ஆரம்பிச்சிருக்கலாம். அப்படிப் பிழைச்ச புள்ளைங்க இருக்காங்க. உங்க அக்காவையும் அவங்க பொண்ணையும் ஒருதரம் கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கும் இருக்கலாம்."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது சின்னவள் சொன்னாள். "ஐஸை நான்தான் கொட்டினேன்."

"தெரியும்."

"ஏங்க என்னைக் கேட்கல?"

"கேட்டு?" என்றார். "பஸ் வருது பாரு."

அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். பெரியவள் பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் தைத்துக் கொடுக்கிறவள். தையல் மெஷின் பக்கத்தில் வெட்டின காலர்கள் அடுக்கடுக்காக இருந்தன. தங்கை சொன்னதையெல்லாம் மெஷினை மிதித்துக்கொண்டே கேட்டாள். ஒரு காலர் முடிந்து அடுத்ததை எடுத்தாள்.

"மெஷினை நிறுத்துக்கா."

"நாளைக்குள்ள இருநூறு கொடுக்கணும். நீ சொல்லு, காது கேட்குது."

"உனக்கு ஒண்ணு செத்தே பொறந்துச்சுன்னு சொல்லுவியே. நிஜமாவே செத்தே பொறந்துச்சா?"

மெஷின் ஓடியது. ஊசி காலரைத் தாண்டி வெறும் தகட்டில் குத்தியது. அப்போதுதான் காலை எடுத்தாள்.

"நாலு நாள் இருந்தான்" என்றாள். "உனக்கு அப்ப பத்து வயசு. அம்மாவுக்கு நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல ரெண்டு. அதுகளும் இப்படித்தான்."

"தெரிஞ்சே டாக்டர்கிட்ட இல்லைன்னு சொன்னே."

"வேற என்னடி சொல்லச் சொல்றே? என் வீட்டுக்காரன் என்னை விட்டுட்டுப் போனது எதுக்குன்னு நினைச்சே? உன் வம்சத்துல ஆம்பளை தங்க மாட்டான்னு சொல்லிட்டுப் போனான். குடிகாரன், ஓடிட்டான்னு ஊருக்குச் சொன்னேன். அந்தச் சொல்லு உன் மேல விழுந்தா உன்னை எவன் கட்டுவான்? கட்டினவன் எத்தனை நாள் வச்சிருப்பான்? முதல் புள்ளை போனப்ப டாக்டரே அம்மோனியான்னாரு. சாமி பார்த்து ஒரு வழி விட்ட மாதிரி இருந்துச்சு."

"அதனால என் புருஷன் தலையில தள்ளிட்டே."

"ஆம்பளை தாங்குவான். இப்பவும் உன்கூடத்தானே இருக்காரு? என் புருஷன் எங்க?"

சின்னவளுக்கு அக்காவை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"உன் பொண்ணு அஞ்சு மாசம்" என்றாள். "அவளைக் கூட்டிட்டு டாக்டரம்மாகிட்ட போகணும்."

"வாயை மூடு." பெரியவள் கதவுப் பக்கம் பார்த்தாள். "அவ மாமியாருக்குத் தெரிஞ்சா அன்னைக்கே பெட்டியைத் தூக்கி வெளியில வைப்பாங்க. பொண்ணாவே பொறக்கும். எனக்கு முதல்ல அவ பொறக்கலையா?"

"பையனா இருந்தா?"

"இருந்தா..." என்றாள். காலரை எடுத்து மடித்து மெஷினில் வைத்தாள். மறுபடியும் மிதிக்க ஆரம்பித்தாள்.

இரண்டு நாள் பொறுத்து, டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு சின்னவள் அக்கா பெண்ணின் வீட்டுக்குப் போனாள். மாமியார் நல்ல மனுஷிதான். வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனாள். உள்ளே பெண்ணின் முன்னால் தட்டில் இரண்டு அவித்த முட்டை. "நீங்களாவது சொல்லுங்கம்மா. மாசமா இருக்கறவ இப்படிக் கொறிச்சா எப்படி?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். பெண் சித்தியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி ஒரு முட்டையைச் சன்னல் வழியாக எறிந்தாள்.

சின்னவள் சொன்னாள். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, மெதுவாக, டாக்டரம்மா சொன்ன மாதிரியே, அம்மாவின் இரண்டு பிள்ளை, அக்காவின் ஒரு பிள்ளை, தன்னுடைய இரண்டு என்று விரல் விட்டுச் சொன்னாள். பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். முகத்தில் பயம் வரும் என்று சின்னவள் காத்திருந்தாள். வந்தது பரிதாபம்.

"அம்மா முந்தாநாளே வந்துட்டுப் போனாங்க சித்தி. நீங்க வருவீங்கன்னு சொன்னாங்க. புள்ளை போனதுலேருந்து உங்களுக்கு மனசு சரியில்லையாம், என்ன சொன்னாலும் மனசுல வச்சுக்காதேன்னாங்க."

"நான் பைத்தியமாடி?"

"ஐயோ, அப்படி இல்ல சித்தி." பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா அது அம்மோனியாவால வந்ததுதானே? சித்தப்பா உடம்புலேருந்து வந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? ஒருதரமா ரெண்டு தரமா? என் கல்யாணத்துல வந்தவங்க எல்லார்கிட்டயும் சொன்னீங்க. எங்க வீட்டுக்காரர் துணிக்கடையில இருக்காரு சித்தி. இங்க அம்மோனியா எங்கிருந்து வரும்?"

நாலு வருஷமாகத் தான் ஒவ்வொரு கல்லாக அடுக்கிக் கட்டின சுவர் எத்தனை உயரம் என்று சின்னவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. "அது பொய்டி. உன் சித்தப்பா மேல ஒரு குத்தமும் இல்லை. நான் சொன்னது எல்லாம் பொய்" என்றாள். சத்தம் கூடிவிட்டது. மாமியார் கரண்டியோடு வந்து நின்றாள். "என்னம்மா, உடம்புக்கு முடியலையா? தண்ணி கொண்டாரட்டுமா?" என்றாள். அந்தக் குரலில் இருந்த கரிசனத்தைச் சின்னவளால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று அந்த அம்மாளிடமும் சொன்னாள், முதலிலிருந்து கடைசி வரைக்கும். அந்த அம்மாள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். "பெத்த வயிறு, பாவம்" என்றாள். தெரு முனை வரை துணைக்கு ஆள் அனுப்பினாள்.

சீட்டை மட்டும் அந்தப் பெண்ணின் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்திருந்தாள். மறுநாள் பெரியவள் வந்து அதை நாலாக மடித்து இவள் வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். அத்தோடு அக்காளுக்கும் தங்கைக்கும் போக்குவரத்து நின்றுபோயிற்று.

நாலு மாசம் போனது. ஒரு முற்பகல், சின்னவள் துணி அலசிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. ஐஸ்காரர் சிமென்ட் கடைக்குப் போகாமல் முதுகு வலி என்று படுத்திருந்தார். அவர்தான் எடுத்துப் பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினார்.

"சின்னவளே" என்றது பெரியவளின் குரல்.

இவள் அலசின துணியை வாளிக்குள் போட்டாள்.

"பொறந்துடுச்சுடி. பையன்."

"என்னைக்கு?"

"முந்தாநாள்."

"குடிக்கறானா?"

 பின்னால் யாரோ நடக்கிற சத்தம், ஒரு டம்ளர் விழுந்து உருளுகிற சத்தம்.

"அக்கா, குடிக்கறானான்னு கேட்டேன்."

"காலைலேருந்து வாயே வைக்கல. கண்ணைத் திறக்கல. சம்பந்தியம்மா ஸ்பூன்ல பாலை ஊத்திக்கிட்டே இருக்காங்க."

"தட்டி விடு அந்த ஸ்பூனை. இப்பவே."

ஏதோ சலசலப்பு கேட்டது. "தட்டிவிட்டுட்டேன்" என்றாள் பெரியவள், மூச்சு வாங்க. "எல்லாரும் என்னையே பார்க்கறாங்க."

"டாக்டர் இருக்காரா?"

"இருக்காரு. சளியா இருக்கும், சாயங்காலம் வரை பார்க்கலாம்னு சொல்றாரு. நான் ஃபோனைக் கொடுக்கறேன், நீ அவர்கிட்ட சொல்லுடி."

"நான் சொல்லி? நான் பைத்தியம்னு அந்த வீடு பூரா சொல்லி வச்சிருக்கியே. என் பேச்சுக்கு அவர் ரத்தம் எடுப்பாரா? அந்தப் புள்ளையோட அம்மாவைப் பெத்தவ நீ. நீதான் சொல்லணும்."

"சம்பந்தியம்மா பக்கத்துல நிக்கறாங்க. மாப்ள நிக்கறாரு." பெரியவளின் குரல் சிறு பிள்ளையின் குரல் போல ஆகிவிட்டது. "என் பொண்ணு என்னையே பார்த்துக்கிட்டுப் படுத்திருக்காடி."

"அக்கா, நேரமில்லை. எனக்கு மூணு மணி நேரம் போச்சு. உனக்கு அவ்வளவும் இல்லை. சொல்லு."

அழுகையா பெருமூச்சா என்று தெரியாத ஒன்று காதில் மோதியது. ஐஸ்காரர் எதிரில் வந்து நின்று, என்ன என்று கண்ணால் கேட்டார். சின்னவள் ஈரக் கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டாள்.

அங்கே, கொஞ்சம் தள்ளி, பெரியவள் பேச ஆரம்பித்தாள். "டாக்டர்... எனக்கு ஒரு பையன் பொறந்தான். இவளுக்கு அப்புறம். நாலு நாள் இருந்தான்."

"என்ன சம்பந்தி சொல்றீங்க?" என்று ஒரு குரல் உயர்ந்தது.

"எங்க அம்மாவுக்கும் ரெண்டு. என் தங்கச்சிக்கு ரெண்டு. எல்லாம் பையனுங்க. எல்லாம் இதே மாதிரி, பால் குடிக்காம."

யாரோ, "அம்மா!" என்று கத்தினார்கள். அந்தப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு டாக்டரின் குரல் ஃபோனுக்கு மிக அருகில் வந்தது.

"எத்தனை பேருன்னு சொன்னீங்க? முதல்லேருந்து திரும்பச் சொல்லுங்க."